ஏகமனது அண்ணனும் ஏழாம் பொருளும்

எங்கள் நகர சபை அலுவலகத்தில் அவருக்கு ஏகமனது என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கூட்டம் நடக்கும்போது தலைவருக்கு இடப்பக்கம் ஒரு குட்டி மேசையில் உட்கார்ந்து, என்ன முடிவானது என்று மினிட் புத்தகத்தில் எழுதுவது அவர் வேலை. எந்தத் தீர்மானமானாலும் கடைசியில் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒரு வால் வரும். இருபத்திரண்டு வருஷம் அந்த வாலை எழுதியதில் வால் ஆளோடு ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அதே கதைதான். சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அண்ணி கேட்டால், “உனக்குப் பிடிச்சா சரி” என்பார். “இந்த மனுஷன்கிட்ட கேக்கிறதுக்குச் சுவத்துக்கிட்டயே கேட்டுக்கலாம்” என்று அண்ணி என்னிடம் புலம்புவார். விரலை வாயில் வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு சோதனை வரும் என்று யார் கண்டார்கள்?

நான் யார் என்று கேட்பீர்கள். கீழ்த்தளத்தில் நகல் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். சபையின் எந்தத் தாளையும் யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். ஏழு நாளுக்குள் நகல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் சட்டம். ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் குத்தி எனக்கு நகலக்கா என்று பெயர் வந்தது. நாங்கள் இரண்டு பேருமே முத்திரை விழுந்த ஆட்கள்தான்.

ஒரு பாவத்தை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் கை வலியால் துடித்தபோது நான்தான் சொன்னேன். “எல்லாம் ஒரே மாதிரிதானே முடியுது? கூட்டத்துக்கு முன்னாடியே வாலோட சேத்து எழுதி வச்சுக்குங்கண்ணே. யாரு படிக்கப் போறா?”

“நல்ல யோசனைம்மா” என்றார். அதையும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து தீர்மானங்கள் கூட்டத்துக்கு முதல் நாளே புத்தகத்தில் ஏறிவிடும். யாராவது புதிதாக ஏதாவது பேசினால் குறித்துக்கொள்ள மட்டும் பக்கத்தில் ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் வைத்துக்கொள்வார்.

அன்றைய கூட்டத்தில் ஏழாவது பொருள், மூன்றாம் வார்டு சுகாதார நிலையத்தை மூடிப் பெரிய கட்டடத்தோடு சேர்ப்பது. நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நர்ஸ், ஒரு கட்டில், குழந்தையை எடை பார்க்கும் தராசு. ஆனால் மாசமாக இருப்பவர்கள் அதை விட்டால் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மூன்றாம் வார்டு உறுப்பினர் தையல் கடை வைத்திருக்கும் பெண். சபைக்குப் புதிது. கடைசி நாற்காலியில், கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறிக்குக் கீழே உட்காருவார்.

கூட்டம் திறந்த கூட்டம்தான். கதவு திறந்திருக்க வேண்டும், ஊர் மக்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுத்தான் இருந்தது. உட்காரத்தான் ஆள் இல்லை. தலைவர் படபடவென்று வாசித்தார். “ஏழு. எல்லாருக்கும் சம்மதம்தானே? எட்டு…”

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அந்தப் பெண் சொன்னார்: “எனக்குச் சம்மதம் இல்லைங்க.”

அண்ணன் காதில் விழுந்தது. குனிந்து புத்தகத்தைப் பார்த்தால் முதல் நாள் மையில் ‘ஏகமனதாக’ முத்து முத்தாக உட்கார்ந்திருக்கிறது. பென்சிலை எடுத்து நோட்டில் ‘7 – தையல் – இல்லை’ என்று எழுதினார். கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் காட்டினார்.

“கையைத் தூக்குனாங்களா? எழுந்து நின்னாங்களா? சும்மா முணுமுணுத்ததையெல்லாம் எழுதுவீங்களா?” என்றார் தலைவர். “மத்தவங்க பேசாம இருந்தாங்கல்ல? மௌனம் சம்மதம். விடுங்க.”

தலைவர் விடச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எந்த நிலையத்தை மூடுவதானாலும், ஓர் உறுப்பினரின் எதிர்ப்பு பதிவானால் போதும், வார்டு மக்களைக் கூட்டிக் கேட்காமல் பூட்டுப் போடக் கூடாது என்று எங்கள் சபை விதியில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையில் ஒரு பூட்டே தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் விட்டுவிட்டார்.

மறுநாள் தீர்மான நகல் வாசல் பலகையில் ஏறியது. அதை வேறு யாரும் ஒட்டவில்லை, நான்தான் ஒட்டினேன். வார்டுக்காரர்கள் வந்து படித்தார்கள். ஏகமனதாக என்றால் நம்ம ஆளும் சேர்ந்துதானே என்று பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண்ணின் கடைக்கு ஒவ்வொருவராகப் போய், தைக்கக் கொடுத்த துணியை வெட்டுவதற்கு முன்பே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் என் ஜன்னலுக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது; அதைக் கழற்றக்கூட மறந்திருக்கிறார்.

“நான் இல்லைன்னு சொன்னேன்க்கா. என் வாயாலதான் சொன்னேன். புத்தகத்துல எப்படி ஆமான்னு இருக்கு?”

படிவத்தை நீட்டினேன். ‘ஏழாம் பொருள் சம்பந்தப்பட்ட எல்லாத் தாள்களும்’ என்று எழுதிக் கொடுத்தார். “என் பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து அழுதுகிட்டு வர்றா” என்றார். “உங்கம்மா ஊரை வித்துட்டாங்கன்னு சொல்றாங்களாம்.”

ஏழு நாள் கெடு. அடுத்த கூட்டம் ஆறாம் நாள். அந்தக் கூட்டத்தில் பழைய மினிட்டை வாசித்து உறுதி செய்துவிட்டால் அப்புறம் பிரம்மாவே வந்தாலும் திருத்த முடியாது.

படிவத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். “அண்ணே, அந்த நோட்டு எங்க? பென்சில்ல எழுதினதும் தாள்தான். அதையும் நகல் எடுத்துக் கொடுத்துடுறேன், மத்தது தானா நடக்கும்” என்றேன். பேய் அறைந்த மாதிரி பார்த்தார். “நாளைக்குத் தர்றேன்மா” என்றார். மறுநாள் கேட்டால் நாளைக்கு. அதற்கு மறுநாளும் நாளைக்கு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனார். யாராவது நாற்காலியை இழுத்தால்கூடத் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. எனக்கோ ஜன்னலில் யார் நிழல் விழுந்தாலும் தையல்காரப் பெண்தானோ என்று இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் அண்ணி போன் செய்தார். “உங்க அண்ணனுக்கு என்னம்மா ஆச்சு? சட்டைப் பையில ஏதோ தாளை வச்சு அப்படியே துவைக்கப் போட்டுட்டாரு. எல்லாத் துணியிலயும் வெள்ளை வெள்ளையா ஒட்டிக்கிட்டு, தட்டித் தட்டி என் கையே போச்சு. என்ன தாளுன்னு கேட்டா உக்காந்து அழறாரு.”

எனக்குப் புரிந்துவிட்டது. நேராகப் போய் அவர் மேசை முன்னால் நின்றேன். நோட்டை எடுத்துக் காட்டினார். ஒரு தாள் கிழிந்திருந்தது.

“படிவம் வந்தது தெரிஞ்சதும் தலைவர் வந்து நின்னுக்கிட்டே இருந்தாரும்மா. கூட்டத்துக்கு முன்னாடியே எழுதி வச்சது வெளிய தெரிஞ்சா மாட்டுறது நீங்கதான், கிழிச்சுப் போடுங்கன்னாரு. கிழிச்சேன். போட மனசு வரலை. பையில வச்சேன்.”

“மனுஷனாண்ணே நீங்க?” என்று கத்திவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. “ஒரு பொம்பளை கடையே காலியாகிக் கிடக்கு. அவங்க சொன்ன ஒத்தை வார்த்தைக்கு இருந்தது அந்த ஒத்தைத் தாளு. அதையும் சோப்புப் போட்டுத் துவைச்சுட்டீங்க!”

முன்னாடியே எழுதச் சொன்னது நீதானே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னும் குத்தியது.

ஆறாம் நாள் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். அன்றைக்குப் பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். மூன்றாம் வார்டே வந்திருந்தது. எல்லார் கண்ணும் கடைசி நாற்காலிக்காரி மேல்தான், அதுவும் நல்ல கண் இல்லை. நான் ஜன்னலைப் பூட்டிவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டேன். என் கையில் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பதில் தாள், வெறும் தாளாகவே இருந்தது. ‘அப்படி ஒரு குறிப்பு இல்லை’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

“போன கூட்டத்து நடவடிக்கையை வாசிங்க” என்றார் தலைவர்.

அண்ணன் எழுந்து வாசித்தார். முதல் பொருள், ஏகமனதாக. இரண்டாவது, ஏகமனதாக. குரல் போகப் போக இறங்கியது. ஆறு முடிந்தது. ஏழாவதைத் தொடங்கினார். சுகாதார நிலையம், பெரிய கட்டடம், சேர்ப்பது என்று வந்து அந்த வார்த்தைக்கு முன்னால் நின்றுவிட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“என்ன, கண்ணு தெரியலையா? வாசிங்க” என்றார் தலைவர்.

“இந்த வார்த்தை தப்புங்க.”

“உங்களை வாசிக்கத்தான் சொன்னேன். நீங்க உறுப்பினரா?”

“இல்லைங்க. எழுதுறவன்.” புத்தகத்தை மேசையில் வைத்தார். “அந்த அம்மா இல்லைன்னு சொன்னாங்க. என் காதால கேட்டேன். கூட்டத்துக்கு முதல் நாளே நான் எழுதி வச்சுட்டேன், அதனால அப்படியே இருந்துடுச்சு. பென்சில்ல குறிச்ச தாளையும் நான்தான் கிழிச்சேன்.”

கிழிக்கச் சொன்னவர் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. தலைவர் முகம் சிவந்தது. “இவர் சொல்றதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? இவரைத் தவிர வேற யாராவது கேட்டீங்களா?”

உறுப்பினர்கள் மேசையைப் பார்த்தார்கள். வாயில் கொழுக்கட்டையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது பழைய பஸ் டிரைவர், ஐந்தாம் வார்டு உறுப்பினர், தொண்டையைச் செருமினார். “எனக்கும் கேட்டுச்சுங்க. நமக்கேன் வம்புன்னு இருந்துட்டேன்.”

தையல்காரப் பெண் எழுந்து நின்றார். இந்தத் தடவை கையையும் தூக்கினார். “எனக்குச் சம்மதம் இல்லை. அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இல்லை. எழுதிக்குங்க.”

சுவரோரம் நின்றவர்களிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அத்தனை பேர் முன்னால் தலைவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. “எழுதித் தொலைங்க” என்றார்.

அண்ணன் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. தலையைத் தூக்கி, கூட்டத்தைத் தாண்டி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஏம்மா, ‘எதிர்ப்புத் தெரிவித்தார்’னா நடுவுல ‘த்’ வருமா?”

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எழுதாத வார்த்தை. சபையே சிரித்தது. எனக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. “வரும்ணே. போட்டே எழுதுங்க” என்றேன்.

நிலையத்துக்கு இன்னும் பூட்டு விழவில்லை. வார்டு மக்களைக் கூட்டிக் கேட்கத் தேதி குறித்திருக்கிறார்கள். அன்றைக்கு என்னாகுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் தையல் கடைக்குத் துணிகள் திரும்பி வந்தன. கொண்டுவந்தவர்கள் முகத்தைத்தான் வேறு பக்கம் வைத்துக்கொண்டு கொடுத்தார்களாம்.

அண்ணனைச் சபை சும்மா விடவில்லை. அடுத்த கூட்டத்தில், தாளைக் கிழித்ததற்காக விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று தீர்மானம் வந்தது. அவர் விஷயத்தை அவரே எழுதக் கூடாது என்று அந்தக் குட்டி மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். நான் எதையும் முன்கூட்டி எழுதவில்லை. முன்கூட்டி எழுதச் சொன்னது நான்தான் என்று எழுந்து சொல்லவும் இல்லை. இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. அண்ணனுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. அண்ணன். வாழ்க்கையில் முதல் தடவையாக வெளிப்பக்கம் நின்று, மற்றவர்களைப் போலவே படிவத்தை நிரப்பி நீட்டினார். தன்னை நிறுத்திய தீர்மானத்தின் நகல் வேண்டுமாம்.

“அண்ணே, விசாரணையில நான்…” என்று ஆரம்பித்தேன்.

“முதல்ல நகலைக் கொடும்மா.”

முத்திரை குத்திக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். விரல் வரிவரியாக இறங்கிக் கடைசி வரிக்கு வந்தது. அங்கே வால் இல்லை. ‘மூன்றாம் வார்டு உறுப்பினரும் ஐந்தாம் வார்டு உறுப்பினரும் எதிர்ப்பு தெரிவித்தனர்’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்த வரியை மட்டும் மறுபடி மறுபடி வாசித்தார்.

அப்புறம் தாளைக் கம்பிக்குள் திருப்பி நீட்டி, விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“‘த்’ விட்டுட்டியேம்மா.”

பேனாவை எடுத்தேன். விசாரணை என்றைக்கு, நானும் வந்து சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.