ஆன்டிவைரஸ் காப்பாற்றிய பத்தாவது

பண்ணைக்காட்டில் நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டருக்கும் விபூதி பூசியிருப்போம்.

இன்று ஆள் இல்லாத நேரத்தில், பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். இன்றுதான் கடைசி நாள்.

ஆன்டிவைரஸ் ஒவ்வொரு பக்கத்தையும் சோதித்துவிட்டுத்தான் திறக்க விடுகிறது. போனுக்கு ஓடிபி வந்தது. அதைப் போடும் பக்கம் திறப்பதற்குள் காலாவதியாகிவிட்டது. மறுபடியும் அதேதான்.

"அண்ணே, செத்த நேரம் ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிக்கிறவா?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ஏத்தா, டூரிஸ்ட் கொண்டாற பென்டிரைவ் பூரா வைரஸு. காவல எடுக்கச் சொல்றியே, அப்படி என்ன அவசர சோலி ஒனக்கு?"

இன்னும் பத்தாவதே முடிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

மாலையில் விண்ணப்பத் தளத்தை மூடிவிட்டார்கள். திரையின் மூலையில் பச்சையாக ஒரு பெட்டி வந்தது: 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.'

பத்தாவதிடமிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டது. உங்கள் ஆன்டிவைரஸ் உங்களை எதனிடமிருந்து காப்பாற்றியது?