நன்றிக்குக் கொடுத்த பாண்

ஒரு செவ்வாய்க்கிழமை, கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயில் வாசலில் நின்று அம்மா வந்தவர்களுக்கெல்லாம் பேக்கரியில் சுட்ட பாண் கூடை நிறையக் கொடுத்தார். என் பரிசோதனை சரிவந்தால் கொடுப்பதாகப் புனித அந்தோனியாருக்கு நேர்ந்த பாண். அது சரிவரவில்லை என்பது முதல் நாள் பின்னேரமே எனக்குத் தெரிந்துவிட்டது.

உவர் நிலத்தில் நெல் தாக்குப்பிடிக்க ஒரு புரதம் உதவுகிறது என்பதுதான் என் கலாநிதிப் பட்ட ஆய்வு. அந்தப் புரதம் இலையில் இருக்கிறதென்று காட்ட, அதை மட்டும் தேடிப் பிடிக்கிற பிறபொருளெதிரி, அதாவது அன்டிபொடி, வேண்டும். மனிதரின் நோய்களுக்கென்றால் ஆயிரம் விதமாக விற்கிறார்கள். நெல்லை யார் கவனிக்கிறார்கள்? ஆகவே புரதத்தின் ஒரு துண்டை முயலுக்கு ஊசியில் ஏற்றி, அதன் இரத்தத்தில் பிறபொருளெதிரி உண்டானதும் சீரம் எடுத்தோம். இலையின் புரதங்களைப் பிரித்து வைத்த தாளில் அதை விட்டபோது, எதிர்பார்த்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. என் பேராசிரியர் கை தட்டினார். நான் வெள்ளவத்தை அறைக்குப் போகிற பஸ்ஸிலிருந்தே அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா பாணுக்கு நாள் குறித்துவிட்டார்.

ஊசி போடுமுன் அதே முயலிடம் எடுத்த சீரமும் ஒரு சின்னக் குழாயில் இருந்தது. அதில் கோடு விழாதென்று முதலில் பார்த்துக்கொண்டால்தான் மற்றக் கோட்டை நம்பலாம். ஆனால் எங்கள் ஆய்வுகூடத்தில் அருமையான எதையும் முதலில் தொடுவதில்லை. விருந்தாளிக்கென்று அலுமாரியில் பூட்டி வைக்கிற கோப்பை மாதிரி, கடைசிக்கென்று வைப்பது பேராசிரியரின் வழக்கம்.

பிறகு, அந்தப் புரதமே இல்லாத விகார நெல்லின் விதை வெளிநாட்டிலிருந்து, சுங்கத்தில் கிடந்து கிடந்து, வந்து சேர்ந்தது. முளைக்க வைத்து, இலையை அரைத்து, அந்தத் திங்கட்கிழமை பார்த்தேன். கோடே விழக்கூடாது. விழுந்தது, முந்தியதைவிட வடிவாக. விதையில்தான் பிழை என்றார் பேராசிரியர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர் அவர். பிடித்ததும் முயலாகவே அமைந்துவிட்டது. பின்னேரம் பூட்டி வைத்த குழாயை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே கோடு.

பிறந்ததிலிருந்து புல் தின்ற பிராணி. புல்லும் நெல்லும் ஒரே குடும்பம். எந்தப் புரதத்தையோ அதன் இரத்தம் எங்களுக்கு முன்பே பழகி வைத்திருக்கிறது. எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது, ஆனால் யாரோடு கோபிப்பது? முயலும் உயிரோடு இல்லை. இன்னொரு முயலில் தொடங்கி முடிக்குமுன் என் புலமைப்பரிசில் முடிந்துவிடும்.

மறுநாள் நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் அம்மா, மகளின் ஆராய்ச்சி சரிவந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். அவர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாதிக் கூடைக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அது பிழைச்சுப் போச்சு. நேற்றுத்தான் தெரியும்."

அம்மாவின் கை கூடைக்குள்ளேயே நின்றது. வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.

"குடுத்ததை இனித் திருப்பி வாங்கேலாது பிள்ளை" என்றார். "கூடையை நேராப் பிடி."

மிச்சப் பாணையும் கொடுத்தார். எதற்கென்று மட்டும் பிறகு யாருக்கும் சொல்லவில்லை.