கரையில் இருக்க வேண்டிய ஆள்

முப்பத்திரண்டு அடிப் பாய்மரப் படகில் மூன்று பேருக்கு இருபது நாள் குடிநீரை எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியும். ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது. அதில் உப்புத் தண்ணீர் கலந்துவிட்டால் எல்லாம் போச்சு. பாதியைத் தனித்தனி கேன்களில் அடைத்துத் தரையோடு கட்ட வேண்டும்.

படகு அலுவலக நண்பனுடையது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பம். அவன், அவன் அண்ணன், மூன்றாவதாக நான். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் வரைபடத்தை விரித்துத் திட்டம் போட்டோம். லங்காவியிலிருந்து இலங்கையின் காலி, அங்கிருந்து மாலத்தீவு. ஜனவரியில் கிளம்பினால் வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். ஒருவர் மூன்று மணி நேரம் சுக்கான் பிடிப்பார், பிறகு ஆறு மணி நேரம் ஓய்வு. அட்டவணையில் அந்த ஆறு மணி நேரக் கட்டங்களைத்தான் நான் அடிக்கடி பார்ப்பேன். யாரும் என்னைக் கூப்பிட முடியாத ஆறு மணி நேரம்.

கிள்ளானில் எங்கள் வீட்டில் மேல்படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் யார் எந்தப் படிவம் நிரப்பினாலும் என் கைப்பேசி எண்ணே போகும். அப்பாவின் கிளினிக், அம்மாவின் தொழிற்சாலை, தங்கையின் கல்லூரி, தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் அத்தை மகனின் ஐசி அடையாள அட்டை விண்ணப்பம் வரை.

பயணத்துக்குக் கரையில் ஓர் ஆள் வேண்டும். தினமும் காலை எட்டு மணிக்குப் படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாக அவருக்குக் குறுஞ்செய்தியாக வரும். வரவில்லையென்றால் நண்பகல் வரை பொறுத்து, மீட்பு மையத்தைக் கூப்பிட வேண்டும்.

"எங்கம்மா வேணாம் லா. மெசேஜ் வரலன்னா ஜெபக் கூட்டம் கூடும், கப்பல் வராது" என்றான் நண்பன்.

அப்பாவைச் சொன்னேன். முப்பது வருடம் லோரி ஓட்டியவர். சாலையில் எதற்கும் பதறாதவர்.

ஒத்திகைக்காக பங்கோர் தீவுக்கு மூன்று நாள் போனோம். கடலில் இருப்பதுபோலவே கைப்பேசிகளை அணைத்துவிட்டோம். இரண்டாம் நாள் காலை வேண்டுமென்றே செய்தி அனுப்பவில்லை. மீட்பு மையத்தின் எண்ணுக்குப் பதிலாக எங்கள் அலுவலகத் தோழி ஒருவரின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அப்பாவின் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தேன்.

அன்றிரவு என் முறையில் சுக்கான் பிடித்தேன். பிறகு ஆறு மணி நேரம் கனவுகூட இல்லாமல் தூங்கினேன். என் வாழ்க்கையில் அப்படித் தூங்கியதில்லை.

கரைக்கு வந்து கைப்பேசியை இயக்கியதும் அது கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. தவறிய அழைப்புகள் முப்பத்தொன்று. இருபத்தாறு அப்பாவுடையவை. மீதி ஐந்தும் கிளினிக்கிலிருந்து. தோழிக்கு ஓர் அழைப்புகூடப் போகவில்லை.

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேட்டேன். "ஏம்பா அந்த நம்பருக்கு அடிக்கல?"

"உனக்கு என்னாச்சுன்னு உன்கிட்டத்தானேய்யா கேக்கணும்? அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?"

அம்மா சமையலறையிலிருந்து சிரித்தார். "ராத்திரி பூரா அடிச்சாருய்யா. போன் சார்ஜ் போச்சு. பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட சார்ஜர் வாங்கி மறுபடியும் அடிச்சாரு."

கிளினிக் எதற்கு அழைத்தது என்று கேட்டேன். அப்பா சட்டையை மாட்டுவதுபோல் திரும்பிக்கொண்டார். டாக்டர் இல்லாததால் அப்பாவின் முறையை அடுத்த வாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவோ இரத்தப் பரிசோதனைக்காகச் சாப்பிடாமல் போய், மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, சர்க்கரை இறங்கி, பஸ் நிறுத்தத்தில் ஒருவர் வாங்கிக் கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். அவர் இதைச் சொல்லவில்லை. தங்கைதான் சொன்னாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போய்ட்டு வா. நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அப்பா.

போகாதே என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கான வார்த்தைகளைக்கூடப் பல மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நண்பனிடம், பயணத்துக்கு நான் வரவில்லை என்றேன்.

"ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒருத்தன் இருக்கான். கேட்டுப் பாக்கறேன்" என்றான். பிறகு தயங்கி, "மச்சான், நீயே கரையில இரேன். இந்தப் பிளான் உன்னவிட யாருக்குத் தெரியும்?"

சரி என்றேன். அட்டவணையில் என் பெயரை நானே அழித்தேன். பெயர் இல்லாத கட்டங்கள் அடுத்த ஆளுக்காக அப்படியே இருந்தன.

"காலைல எட்டு மணிக்கு நீ எங்க இருப்ப?"

"கொமுட்டர் ரயில்ல. சுபாங் தாண்டியிருப்பேன்."

"அங்க லைன் கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றேன். "எல்லா இடத்துலயும் கிடைக்கும்."