கூவியதற்குப் பதில் இல்லை

அன்றைக்கு இருந்தவர்கள்: வெள்ளைக்காரர் ஒருவர். அவர் மனைவி. கைத்தடியோடு அவருடைய அம்மா. மூவரையும் வேனில் கொண்டுவந்த மாவனல்லை முஸ்லிம் டிரைவர்; நாங்கள் நானா என்போம். என்னோடு கொழுந்து பறிக்கும் பக்கத்து லயத்து வீட்டு அக்கா. நான்.

றக்வானைக்கு மேலே, எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் அருவி இருக்கிறது. நாங்கள் அங்கே துணி துவைப்போம். அதைப் பார்க்க என்று வெளியாள் வந்ததில்லை.

“எல்லாரும் எல்ல டவுனுக்கும் நுவரெலியாவுக்கும்தான் போற. இப்பிடி ஒண்டு இங்க ஈக்கிறது ஒருத்தனுக்கும் தெரியா,” என்றார் நானா. “இண்டைக்கு நல்லா முடிஞ்சா ஞாயித்துக்கு ஞாயிறு ஆள் கொண்டாறன். எத்தின பேர்?”

“வேன் நெறையக் கொண்டாங்க நானா,” என்றேன். தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. ஆள் வந்தால் வழி காட்டுவது நானும் அக்காவும்.

திரும்பும்போது மூடுபனி இறங்கியது. முன்னால் நான், கடைசியில் அக்கா. அக்கா காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவளுக்கு முன்னால் நடந்த அந்த அம்மாவைக் காணோம்.

ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் பாறைச் சரிவு.

கூவினேன். கொழுந்து பறிக்கும்போது பனி மூடினால் ஒருத்தி கூவுவாள். மற்றவர்கள் அவரவர் நிரையில் நின்று பதில் கூவுவார்கள். சத்தத்தை எண்ணினால் ஆள் சரியா என்று தெரியும்.

பதில் இல்லை. இன்னும் பலமாகக் கூவினேன். சரிவில் கல் ஒன்று உருண்டது. மகன் ஏதோ கேட்டார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடி கூவினேன். வாய் காய்ந்து சத்தம் வரவில்லை.

அப்போதுதான் தேயிலைக்குள் இருமல் கேட்டது. பத்தடி தள்ளி, செடியை ஒட்டிக் குந்தியிருந்தார். அடி எதுவும் இல்லை.

நானா விசாரித்துச் சொன்னார்: “மிருகம் ஏதோ கத்துதுண்டு ஒளிஞ்சாங்களாம்.”

“ஒன் சத்தத்துக்கு ஒன் புருசனே ஓடுவான். அவங்க என்னடி செய்வாங்க?” என்றாள் அக்கா. சிரித்தாள்.

கூவினால் பதில் கூவ வேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. எங்களுக்குள் அதை யாரும் சொல்வதில்லை.

வேன் வரைக்கும் அந்த அம்மா என் கையை விடவில்லை.

“அருவி நல்லா ஈக்காம்,” என்றார் நானா. “அப்ப ஞாயித்துக்கிழம எத்தின பேர்?”

மலையைப் பார்த்தேன். பனி விலகவில்லை.

“ரெண்டு.”