எண்பத்தாறு ஆர்லபிகள்

படம் முடிந்து, விளக்குப் போட்டு, எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் பெரிலுக்குப் படமே ஆரம்பிக்கிறது. திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். விளக்குப் பிடித்தவர், தச்சு வேலை பார்த்தவர், கதாநாயகியின் நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர், ஒருவரையும் விடுவதில்லை. லவுத் ஊர்த் தியேட்டரில் பகல் காட்சிக்குப் பிறகு பெருக்க வரும் பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

"என்ன பெரில், இன்னைக்காவது யாராச்சும் மாட்டினாங்களா?"

"எங்க கண்ணு! அறுநூறு பேர் சேந்து ஒரு படம் எடுத்திருக்காங்க, அதுல ஒரு ஆர்லபி இல்ல. வெளங்குமா இந்தப் படம்?"

ஆர்லபி என்ற குடும்பப் பெயரோடு உலகத்தில் இன்றைய தேதிக்கு உயிரோடு இருப்பவர்கள் எண்பத்தாறு பேர். கனடாவில் நாற்பத்துமூன்று, கென்ட் மாவட்டத்தில் முப்பத்துமூன்று, நியூசிலாந்தில் ஆட்டு வைத்தியர் ஒருவர், இங்கே லிங்கன்ஷயரில் ஒன்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பெரில் தடுமாறாமல் சொல்வார். தன்னை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார். அவர் பிறந்தது பெரில் ஸ்டப்ஸாக. டெஸ்மண்ட் ஆர்லபியைக் கல்யாணம் செய்துகொண்டு ஆர்லபி ஆனார். இருபது வருடம் குடும்பம் நடத்திவிட்டு, டெஸ்மண்ட் தனக்கு முடி வெட்டிவிடும் ஷீலாவோடு கடற்கரைப் பக்கம் மேபிள்தோர்ப்புக்குப் போய்விட்டார். போகும்போது புல் வெட்டும் மிஷினைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்ட மனிதர் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனார் என்று பெரிலின் ஊரான ஹார்ன்காசிலில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பெரிலும் சேர்ந்துதான் சிரிப்பார்.

மருந்துக்கடை கவுன்டரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். உள்ளே மருந்து கட்டி வைத்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் எழுதியிருக்கும் பெயரை உரக்கக் கூப்பிட்டுக் கொடுப்பதுதான் வேலை. ஊரில் யாருக்கு ரத்தக்கொதிப்பு, யாருக்கு மூலம் என்பது அத்தனையும் தெரியும், ஒன்றையும் வெளியே விடமாட்டார். ஆனால் பெயர் விஷயத்தில் அவர் வாயைக் கட்ட முடியாது. "உங்க பேரு இந்தப் பக்கத்துப் பேரு இல்லையே, யார்க்ஷயரா?" என்று இருமிக்கொண்டு நிற்பவரை நிறுத்தி வைத்துக் கேட்பார். பத்தில் ஒன்பது தடவை அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு முழு நேரமும் ஆர்லபிதான். சமையலறை அலமாரியில் பிஸ்கட் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். விருந்தாளி ஆசையோடு திறந்தால் உள்ளே அட்டைகள். ஆளுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு எண். பிறப்பு, கல்யாணம், தொழில், சாவு. ஒருவன் 1790-இல் வாத்து திருடி மாட்டியதும் உண்டு. "நம்ம வாத்துக்காரன்" என்று அவனைப் பற்றிப் பேசும்போது பெரிலின் முகத்தில் வரும் பாசத்தைப் பார்க்க வேண்டும். உயிரோடிருப்பவர்களில் ஒரே ஒரு ஆர்லபியைப் பற்றித்தான் பாசமில்லாமல் பேசுவார். டெஸ்மண்டின் அட்டை எண் நாற்பத்தொன்று. வீட்டில் அந்த மனிதருக்கு அதுதான் பெயர்.

முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போடுவதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. "பயப்படாதீங்க கண்ணு, நான் எதுவும் விக்கல. உங்க தாத்தாவோட அப்பா என்ன வேலை பாத்தாருன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிடுங்க" என்று ஆரம்பிப்பார். சொல்லிவிட்டு யாரும் வைப்பதில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, வைக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது அந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருக்கும்.

ஆர்லபி என்பது ஒரு ஊர். இப்போது இல்லை. அறுநூறு வருடத்துக்கு முன்பே காலியாகிவிட்டது. ஹார்ன்காசிலுக்கு வடக்கே மேட்டு நிலத்தில் ஆடு மேயும் ஒரு வயல். அதில் வீடுகள் இருந்த இடமெல்லாம் புல் மூடிய திட்டுத் திட்டாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் ஆர்லபிகள் எங்கெங்கிருந்தோ வந்து அந்த வயலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு கோயில் கூடத்தில் சாண்ட்விச் தின்பார்கள். பெரில் நீளமான குச்சியோடு வம்சப் படத்தின் முன்னால் நின்று, எல்லாரும் இந்த வயலிலிருந்து கிளம்பியவர்கள்தான், ஒரே வேர்தான் என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிவருகிறார்.

போன மே மாதம் கென்ட்டிலிருந்து வந்த ரூபர்ட் ஆர்லபி என்ற பல் வைத்தியர் எழுந்து நின்றார். அவர் தன் எச்சிலை டி.என்.ஏ. சோதனைக்குக் கொடுத்திருந்தார். கனடாக்காரர்கள் தங்கள் கிளைதான் என்று உறுதியாகிவிட்டதாம். "லிங்கன்ஷயர்லேருந்து வந்தோம்ங்கறதுக்கு மட்டும் அத்தாட்சி ஒண்ணையும் காணோம்" என்றார். பெரில் பிறப்பு இறப்பு எழுதிய பழைய கோயில் பதிவேட்டைச் சொன்னார். அதில் நடுவே நாற்பது வருடத்து ஏடுகளை எலி தின்றுவிட்டது எல்லாருக்கும் தெரியும். ரூபர்ட் பல்லைக் காட்டிச் சிரித்தார். நல்ல பற்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களுக்கு இது ஆசை, புரியுது. ஆனா நீங்க ஆர்லபி இல்லையே."

கூடத்தில் சாண்ட்விச் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. பெரில் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாருக்கு இன்னும் டீ வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பதில் சொல்ல ஒரு வழி இருந்தது. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒரு அடையாளம் உண்டு; லிங்கன்ஷயர் கிளையில் ஒரு ஆணின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும், இரண்டு கிளையும் ஒன்றா என்று தெரிந்துவிடும். லிங்கன்ஷயரின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் பெண்கள். ஒன்பதாவது ஆள் நாற்பத்தொன்று. இருபத்தாறு வருடமாகப் பெரில் அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் ஜில்லியன் கல்யாணத்தில்கூட இருவரும் கூடத்தின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஜில்லியன்தான் போன் செய்தாள். "அம்மா, அவருக்குக் கை நடுங்குது. இது நிக்காது, ஏறிக்கிட்டேதான் போகும்னு டாக்டர் சொல்லிட்டார். கேக்கறதா இருந்தா இப்பவே கேளு."

"யாருக்கு, நாப்பத்தொண்ணுக்கா?"

"அம்மா!"

பெரில் மூன்று நாள் யோசித்தார். பிறகு ஊர் பேர் தெரியாத ஆர்லபிகளுக்கெல்லாம் அனுப்பும் அச்சடித்த கடிதத்தையே எடுத்தார். 'அன்புள்ள திரு. ஆர்லபி அவர்களுக்கு, தங்கள் குடும்பப் பெயர் மிக அரிதானது என்பதைத் தாங்கள் அறிவீர்களா?' அடியில் விஷயத்தை எழுதி, சோதனைக்கு முன் ஒரு மணி நேரம் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது என்பதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டார். பதிலுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. எழுத்து கோழி கிளறியது போல் இருந்தது. 'அறிவேன். வியாழக்கிழமை வா.'

இரண்டு பஸ் மாறி மேபிள்தோர்ப் போய்ச் சேர்ந்தார். டெஸ்மண்டே கதவைத் திறந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஷீலா பிங்கோ ஆடப் போயிருக்கா."

"நல்லது."

"வியாழக்கிழமை இங்க பிங்கோவே கிடையாது. நீ ஒண்ணும் கேட்டுக்காத."

மேசையில் தட்டு தயாராக இருந்தது. ஷீலா காலையில் சுட்ட ஸ்கோன் என்ற சின்ன ரொட்டிகள், ஜாம், கிரீம், சூடு ஆறாமல் உறை போட்ட டீப்பாத்திரம். டெஸ்மண்ட் பாத்திரத்தைத் தூக்கினார். கோப்பையில் பாதி, சாசரில் பாதி விழுந்தது. பெரில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். வந்த வீட்டில் கொடுத்த டீயை வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி. அதற்கு மேல், இந்தக் கை ஊற்றிய டீயை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. குடித்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஸ்கோன் நன்றாக இருக்கிறது என்று பெரில் சொன்னார், உண்மையிலேயே நன்றாக இருந்தது. டெஸ்மண்ட் இரண்டாவது ஸ்கோனை வாயில் போட்ட பிறகுதான் பெரில் கோப்பையை டக்கென்று கீழே வைத்தார்.

"ஐயையோ! நீ தின்னக் கூடாதுல்ல!"

"நீதான ஜாமை என் பக்கம் தள்ளின?"

"சிவப்பு மையில கோடு போட்டிருந்தேனே மனுஷா!"

"நான் மறந்தேன், சரி. கோடு போட்டவ நீ, நீயும் சேந்துல்ல மறந்த?"

வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பெரில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். டீயும் இல்லை, கையில் வேலையும் இல்லை. இரண்டு இங்கிலீஷ்காரர்கள் நேருக்கு நேர் உட்கார இதைவிடக் கஷ்டமான நிலைமை கிடையாது.

"பேசலாமா? பேசினா கெட்டுப்போகுமா?" என்று கேட்டார் டெஸ்மண்ட்.

"பேசலாம்."

"அப்ப இருவத்தாறு வருஷம் முன்னாடியே இந்தப் பஞ்சுக்குச்சியோட வந்திருக்கலாம் நீ."

பெரிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாது என்று நினைத்திருந்தார், வந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் டெஸ்மண்ட். "ஏன் என் பேரை விடல?"

"மொதல்ல உன்னைக் கடுப்பேத்தத்தான். ஷீலா அப்பவும் ஹார்ன்காசிலுக்குத்தான் முடி வெட்ட வந்துட்டிருந்தா, இருமல் மருந்து வாங்க கடைக்கு வருவா பாரு, அப்ப என் சட்டையில அந்தப் பேர் போட்ட பேட்ஜ் குத்தியிருக்கணும். அதுக்காகவே தினமும் துடைச்சுக் குத்திக்குவேன்."

"அவ அதுக்குப் பயந்துதான் அந்தக் கோடியில இருக்கற ஸ்கெக்னஸ் வரைக்கும் போய் மருந்து வாங்கினா."

"தெரியும். சந்தோஷமா இருந்துச்சு." பெரில் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவினார். "அப்புறம் ஒரு நாள் அந்த வயலுக்குப் போனேன். சும்மா, கோவத்துல, அப்படி என்னதான் பெரிய பேருன்னு பாக்க. அங்க நின்னப்பதான் தோணுச்சு. ஊருக்குள்ளயே இருந்தவன் ஒருத்தனுக்கும் ஆர்லபின்னு பேர் இருந்திருக்காது. இருக்கற ஊர்ல யாரு ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா? ஊரை விட்டுப் போனவனைத்தான், போன எடத்துல, ஆர்லபிக்காரன்னு கூப்பிட்டிருப்பாங்க. விட்டுட்டுப் போனாத்தான் அந்தப் பேரு."

டெஸ்மண்ட் முதுகை நிமிர்த்தினார்.

"அப்ப நான்தான் அசல் ஆர்லபி."

"நீதான். இல்லேன்னா இந்தக் குச்சியத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வருவேனா?"

இந்தத் தடவை டெஸ்மண்ட் சிரித்தார். சிரித்ததில் கை அதிகமாக ஆடியது. அதை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

"பல்லுக்காரன் சொல்றதுதான் சரின்னு வந்துட்டா?"

பெரிலைத் தூங்கவிடாத கேள்வி அது. இருபத்தைந்து வருடம், பன்னிரண்டு பிஸ்கட் டப்பா, முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் அடித்துச் சொன்ன சொல். "வந்தா வந்தபடி எழுதுவேன். மே மாசம் எல்லார் முன்னாடியும் நின்னு நான்தான் தப்புன்னு சொல்லுவேன்" என்றார். குரல் திடமாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயமா இருக்கு டெஸ். ரொம்பப் பயமா இருக்கு."

டெஸ் என்று கூப்பிட்டதை அவர் கவனிக்கவில்லை. டெஸ்மண்ட் கவனித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் பதினோரு நிமிஷம்" என்றார்.

பதினோரு நிமிடமும் இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நாய்களை ஓட்டிக்கொண்டு ஆட்கள் கடற்கரைக்குப் போனார்கள், திரும்பினார்கள். நேரம் வந்ததும் டெஸ்மண்ட் தானே குச்சியை வாங்கிக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது மூக்கில் பட்டது, உதட்டில் பட்டது, தரையில் விழுந்தது. உறையில் இன்னும் ஒரே ஒரு குச்சிதான் இருந்தது.

"குடு, நான் செய்யறேன். வாயைத் தொற" என்றார் பெரில்.

நாற்காலியை இழுத்து முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்தார். டெஸ்மண்டின் வலது கை மேசை மேல் தடதடவென்று அடித்துக்கொண்டது, கோப்பைகள் கிணுகிணுத்தன. பெரில் தன் இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மருந்துக்கடையில் பெயர் கூப்பிடும் அதே குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஒரு கன்னத்துக்கு முப்பது, மறு கன்னத்துக்கு முப்பது தேய்த்தார். டெஸ்மண்ட் வாயைத் திறந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அறுபது ஆனதும் குச்சியைச் சோதனைக் குப்பிக்குள் போட்டார். இனி மூடியைத் திருக வேண்டும், அதற்கு இரண்டு கை வேண்டும். பெரில் டெஸ்மண்டின் கை மேலிருந்து இடது கையை எடுக்காமலே, குப்பியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும், வழுக்கி வழுக்கி, மெதுவாக மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.