பன்னிரண்டு பெட்டி, இருபத்துநான்கு காது

ரேடியோ ரிப்பேர் தொழிலில் கெட்டுப்போன பொருளைச் சரிசெய்வது சுலபம். நன்றாக வேலை செய்கிற பொருளைப் பற்றி வரும் புகாரைச் சரிசெய்வதுதான் கஷ்டம். சாலிடரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்ட எல்லோருக்கும் இது தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் நான் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்றேன். டிரான்சிஸ்டரில் ஹெட்போனை நேராகச் செருகினால் கொசு பாடுவதுபோல இருக்கும். தறி ஓடும் வீட்டில் அது காதில் ஏறாது. நடுவில் என் பெட்டியை வைத்தால் ஏறும். ஊரில் யாரும் அதுவரை இப்படி ஒரு பொருளை வாங்கியதில்லை, நானும் செய்ததில்லை. பன்னிரண்டு பெட்டி செய்து, பன்னிரண்டு ஹெட்போன் வாங்கி வைத்தேன். ஒரு ஹெட்போனுக்கு இரண்டு காது, செருப்பு மாதிரி இடது வேறு வலது வேறு, மாற்றி மாட்டினால் உட்காராது. ஆக இருபத்துநான்கு காது.

சிவப்பு லைட்டு

முதல் நாள் கடையில் இருந்தவர்கள்: நான், என் மனைவியின் தம்பி தனகோட்டி (எனக்கு ஆட்களிடம் பேசக் கூச்சம், ஆகவே பேச்செல்லாம் அவன்தான்), முள்ளிப்பட்டு நெசவாளி ஏழுமலை, அவர் மனைவி வள்ளி, எதிர் டீக்கடைக்காரர். மொத்தம் ஐந்து பேர். டீக்கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தவர், கணக்கில் சேரமாட்டார்.

வள்ளி விஷயத்தைச் சொன்னார். "பொண்ணு பத்தாவதுண்ணா. கணக்குல ஒருவாட்டி போயிடுச்சு. இந்தவாட்டியும் போனா அவளும் தறியிலதான் ஒக்காரணும். இருக்கறது ஒரே ரூம்பு. தறிச் சத்தம் அவளுக்குப் பழக்கம், தொட்டில்லயே கேட்டது. இவரு ரேடியோதான் பேஜாரு. பாட்டு இல்லைன்னா இவருக்குக் கை ஓடாது. பாட்டு இருந்தா அவளுக்குக் கணக்கு ஓடாது." பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

பெட்டிகளை மூன்று தினுசாகச் செய்திருந்தேன். சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு வைத்தது ஐந்து, இரண்டு திருகு வைத்தது ஐந்து, இரண்டு திருகும் ஒரு சிவப்பு லைட்டும் வைத்தது இரண்டு. ஏழுமலை ஒவ்வொன்றையும் பட்டுநூல் கண்டைத் தூக்கிப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். எதையும் காதில் வைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் லைட்டு வைத்ததை எடுத்தார். மனசு கேட்காமல் அன்று நான் பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினேன். "உள்ளே மூணும் ஒண்ணுதாங்க." தனகோட்டி என் காலை மிதித்தான். ஏழுமலை பெட்டியை மனைவி பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"இருக்கட்டும் ரேடியோக்காரரே. லைட்டு எரிஞ்சாதான் இவ நம்புவா, நான் ரேடியோ சத்தத்தை வெளிய உடலைன்னு."

களம்பூர் உறுமல்

களம்பூரில் ஓர் அரிசி மில் சூப்பர்வைசர் இரண்டாவது பெட்டியை வாங்கினார். மில் சத்தத்துக்கு நடுவே செய்தி கேட்க. நாலாம் நாள் திரும்பி வந்தார். பெட்டி உறுமுகிறதாம். கடையில் மாட்டிப் பார்த்தேன், உறுமல் இல்லை. அவரும் மாட்டிப் பார்த்தார், இல்லை. எடுத்துப் போனார். இரண்டு நாளில் மறுபடி வந்தார். ஒயரை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது பஸ் ஏறி அவருடனே களம்பூர் போனேன்.

மில்லில் மாட்டிப் பார்த்தால் உறுமல் இருந்தது. ஒரு நிமிஷம் மில்லை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். உறுமல் நின்றது. ஓடவிட்டார்கள். வந்தது. பெரிய மோட்டார் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான், பெட்டியைத் தள்ளி வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் யோசித்து முடித்துவிட்டார்.

"அப்போ பெட்டி நல்லாதான் இருக்குது. மில்லைத்தான் உங்க கடைக்குத் தூக்கிகினு வரணும், இல்லீங்களா?"

அறுந்த இழை

இருபதாம் நாள் ஏழுமலையும் வள்ளியும் பெட்டியோடு வந்தார்கள். லைட்டு எரிந்தது. பாட்டு வந்தது. புகார் புடவையில்.

தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரியும். சின்னதாக ஒரு 'டிக்'. நெசவாளி உடனே நிறுத்தி முடிச்சுப் போடுவார். இரண்டு காதையும் என் ஹெட்போன் அடைத்திருந்ததால் ஏழுமலைக்கு 'டிக்' கேட்கவில்லை. அறுந்தது மூன்று இழை. பக்கத்துத் தறியிலிருந்து வள்ளி கத்தியிருக்கிறார். இவர் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, நீ சாப்பிடு என்று கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து நெய்திருக்கிறார். ஒரு முழத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. வேலை கொடுத்த முதலாளி புடவையைத் திருப்பிவிட்டார்.

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் தரையைத்தான் பார்த்தேன். வள்ளி மட்டும் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்:

"காதை மூடினா பொடவை போவுது, காதைத் தொறந்தா பொண்ணு போறா. ரெண்டுல எது போவட்டும், நீங்களே சொல்லுங்கண்ணா."

ஒரு காது

ஹெட்போனை வாங்கி வைத்துக்கொண்டேன். நாலாம் நாள் ஹெட்போனில் ஒரு காதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நெற்றிப்பொட்டை அழுத்தாமலிருக்கப் பஞ்சு வைத்துத் தைத்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்துவிடுவது என்பது அடுத்த கேள்வி. முள்ளிப்பட்டு போய்த் தறிக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். சோதனைக்காக ஓர் இழையை அறுக்கட்டுமா என்று கேட்டதும் ஏழுமலை பாவைக் கையால் மறைத்துக்கொண்டார். ஆகவே தானாக அறுகிறவரை காத்திருந்தேன். மதியத்துக்குள் ஏழு. இடது காது திறந்திருந்தபோது அறுந்தது மூன்று, அவர் கண்டுபிடித்தது ஒன்று. வலது காது திறந்திருந்தபோது அறுந்தது நாலு, கண்டுபிடித்தது நாலு. இடது காது பாட்டுக்கு, வலது காது தறிக்கு என்று முடிவாயிற்று.

அந்தத் தெருவில் நாலு பேர் பார்த்துவிட்டு அதே வேண்டும் என்றார்கள். இரண்டு காது வைத்ததைக் காட்டினால் ஏமாற்று வேலை என்றார்கள். மிச்சமிருந்த எல்லா ஹெட்போனிலும் வலதைக் கழற்றி, ஏழுமலையுடையதோடு சேர்த்து டப்பாவில் போட்டேன். தனகோட்டி டப்பாவைக் குலுக்கிப் பார்த்தான்.

"தறிக்காரங்களுக்கு இடது காது விக்கலாம். இந்த வலது காதை யாருக்கு விக்கிறது மாமா?"

படவேட்டுக்காரர்

அடுத்த வாரம் படவேட்டிலிருந்து ஒரு விவசாயி வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஜல்தி ஜல்தி என்றார். ஒரு பெட்டியை மாட்டினேன். சத்தமே வரலை என்றார். இன்னொன்று. வரலை. மூன்றாவதிலும் வரலை. நான் மாட்டிப் பார்த்தால் மூன்றும் பாடின. நாலாவதைக் கையில் எடுத்தபோதுதான் அவர் நான் பேசும்போதெல்லாம் வலது காதை என் பக்கம் திருப்புவதைக் கவனித்தேன்.

டப்பாவிலிருந்து ஒரு வலது காதை எடுத்து மாட்டி, இடதைக் கழற்றி டப்பாவில் போட்டேன். டப்பாவில் இருந்த ஒரே இடது காது அதுதான். பாட்டு வந்ததும் அவர் சந்தோஷப்படவில்லை. குற்றம் கண்டுபிடித்தவர்போல என்னைப் பார்த்தார்.

"இதைத்தாங்க மொதல்ல குடுத்திருக்கணும். மூணு தடவையும் கேக்காத காதுக்கே வெச்சுகினு இருந்தீங்க."

ஒயர் வேண்டாம்

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். ஏழுமலை மகள் செல்வி.

"மீந்துபோன காது இருக்குதுன்னு அப்பா சொன்னாரு மாமா. ஒரு இடது, ஒரு வலது குடுக்கறீங்களா?"

டப்பாவைத் தேடி அந்த ஒரே இடதையும் ஒரு வலதையும் எடுத்தேன். எதற்கு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒயர் பற்றவைக்க அயர்னைச் சூடு பண்ணினேன். அவள் அவசரமாக இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒயரு வேணாம் மாமா. ஒயரு இருந்தா அதுல எதனா வரும்."

ரிசல்ட்டு

செல்வி பாஸ். கணக்கில் நாற்பத்தேழு. மூன்று பேரும் மிட்டாயோடு கடைக்கு வந்தார்கள். தறியில் உட்காருவது பற்றி வள்ளி பேசவே இல்லை. மேலே எந்தப் பள்ளிக்கூடம் என்றுதான் தனகோட்டியிடம் விசாரித்தார். எனக்கு என் பெட்டியை நினைத்துக் கொஞ்சம் பெருமை. வாய் திறந்து, பெட்டி உதவியாக இருந்ததா என்று கேட்டேன். வள்ளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஏழுமலை டீக்கடைப் பக்கம் பார்த்தார். அந்த இரண்டு காதையும் பட்டுநூலால் கட்டி, காதை அடைத்துக்கொண்டுதான் மூன்று வாரமும் கணக்குப் போட்டாளாம். ஏன் என்பதைச் செல்வியே சொன்னாள்.

"ரேடியோ பாட்டாவது மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும் மாமா. காதுல மாட்டிகினதுல இருந்து அப்பாவும் கூடவே சத்தமா பாடறாரு, அது முடியவே மாட்டேங்குது."

பன்னிரண்டு பெட்டியும் விற்றுப்போயின: களம்பூருக்கு இரண்டு காதோடு ஒன்று, மற்ற இடங்களுக்கு ஒற்றைக் காதோடு பதினொன்று. இத்தனையிலும் புகார் வராமல் வேலை செய்தவை எதனோடும் சேராத அந்த இரண்டு காதுகள்தான் என்பதால், அதே வேலைக்குத் தயாராக என் டப்பாவில் இன்னும் ஒன்பது வைத்திருக்கிறேன், ஒன்பதும் வலது.