ஆழாக்கும் பால் பாட்டிலும்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆவக்காய் போட ஒரே கேன் நல்லெண்ணெய்தான். செக்கில் வாங்கி வந்து எங்கள் வாசலில் வைத்து, ஆளுக்கு இத்தனை ஆழாக்கு என்று பங்கு போடுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு என் மாமியார் எங்கள் ஆழாக்கால் அளந்து ஊற்றுவார். எங்களுக்கு அந்த அக்கா தன் ஆழாக்கால் அளப்பார். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. லிட்டர் வந்து எத்தனை காலமானால் என்ன, திருத்தணியில் எங்கள் தெருவில் ஊறுகாய்க்கு அதுதான் சட்டம். கேனில் மிஞ்சுவது மலைமேல் முருகனுக்கு விளக்கேற்றப் போகும்.

இந்த வருஷம் வந்தது வினை. எங்கள் பங்கை எட்டிப் பார்த்த மாமியார், "இன்னாம்மே, உன் ஆழாக்கு கொறையுதே?" என்றார்.

"என்னுதா கொறையுது? மொதல்ல உங்களுத பாருங்கக்கா, நாலு பக்கமும் ஒடுங்கிக்கினு கீது!"

உள்ளே வெட்டின மாங்காய் மிளகாய்த்தூளோடு காத்துக்கிடந்தது. எனக்கோ வேறு கவலை. நான் வேலைக்குப் போனால் என் கைக்குழந்தையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது இந்த ரெண்டு பேர்தான். இவர்கள் முறைத்துக்கொண்டால் என் வேலை போச்சு.

சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியுமா? மில்லி கோடு போட்ட குழந்தையின் பால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். போனில் தேடினேன். ஒரு ஆழாக்கு நூற்று அறுபத்தெட்டு மில்லியாம்.

எங்கள் ஆழாக்கு எண்ணெயை ஊற்றினேன். நூற்று நாற்பது. அதைக் கொட்டிவிட்டு அக்காவுடையதை ஊற்றினேன். அடக் கடவுளே, அதுவும் நூற்று நாற்பது! ரெண்டு பேரும் இத்தனை வருஷமாக ஒருவரையொருவர் ஏமாற்றி, லாபமெல்லாம் முருகனுக்குப் போயிருக்கிறது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாட்டில்லதான் கோளாறு" என்றார் மாமியார்.

"ஆங், அதானே! பிளாஸ்டிக்க நம்பலாமாக்கா? கோடு கொறச்சலா காட்டுது" என்றார் அந்த அக்கா. என் பக்கம் திரும்பினார். "அப்போ புள்ளைக்கு இத்தினி நாளா அளவுக்கு மீறியா ஊத்திக்கினு இருந்த? அதான் குடிச்சதெல்லாம் கக்குது, பாவம்!"

"நான் அப்பவே சொன்னேன், கேட்டாளா?" என்றார் மாமியார். "நாளைலேர்ந்து ஆழாக்குல அளந்துதான் பாலு."

எந்த ஆழாக்கில் என்று கேட்க வாயெடுத்தேன். ரெண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தார்கள். விடிந்தால் நான் வேலைக்குப் போயாக வேண்டும்.

"சரிங்கத்தை" என்றேன்.